அரம் பட்ட தண்டை

வீரசோழன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. மாயவரத்திலிருந்து நடக்கத் தொடங்கி இரண்டு மணி நேரம் இருக்கும். பேரளம் போகும் பஸ் ஒன்று பக்கத்தில் வந்து வேகம் குறைந்தது. நான் கை காட்டாததால் போய்விட்டது. கையில் ஒரு துணிப்பை, அதில் ஒரு வேட்டி, ஒரு சட்டை, ஓர் அலுமினியத் தட்டு. பதினொரு மாதம் வேலை பார்த்த இடத்தை விட்டு வருகிறவனிடம் அவ்வளவுதான் இருந்தது. அதற்கு முன்னால் அரிசி மில், லாரி, தரங்கம்பாடியில் மீன் கூடை என்று எத்தனையோ இடங்களை விட்டு வந்திருக்கிறேன். எங்கிருந்தும் அதற்கு மேல் எடுத்து வந்ததில்லை. ஆனால் எந்த இடத்தையும் திரும்பிப் பார்த்ததில்லை. அன்று நாலைந்து தடவை திரும்பிப் பார்த்தேன்.

நான் வேலை பார்த்த கடைக்கார அம்மாளைப் பத்தரம்மா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கணவர் வெள்ளிப் பத்தர். அவர் இறந்த பிறகு இந்த அம்மாள் பட்டறையைப் பழைய வெள்ளி வாங்கும் கடையாக்கிக்கொண்டார். மாயவரம் பெரிய கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. வருகிற வெள்ளியை வாங்கி, உருக்கிக் கட்டியாக்கி, கும்பகோணத்துக்கு அனுப்புவார். துருத்தி ஊதுவதும் கரி உடைப்பதும் என் வேலை. எனக்கு அப்போது முப்பது நடந்துகொண்டிருந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன்.

பழைய வெள்ளியில் சர்க்கார் முத்திரை எதுவும் கிடையாது. செய்த பத்தர் தன் அடையாளமாக ஒரு சின்ன உளியால் உள்பக்கம் தட்டியிருப்பார். பூவோ, மீனோ, ஓர் எழுத்தோ, துவரம்பருப்பு அளவுகூட இருக்காது. வசதியான வீட்டுக்காரர்கள் அதன் பக்கத்தில் தங்கள் வீட்டு எழுத்தையும் வெட்டச் சொல்வார்கள். பத்தரம்மா சாமானைக் கையில் வாங்கியதும் திருப்புவார். முன்பக்கத்து வேலைப்பாட்டைப் பார்த்து நான் கண்டதில்லை. விளக்குக் கரியைத் தொட்டு உள்பக்கம் தேய்த்து, முந்தானையால் ஒரு துடைப்பு. பள்ளத்தில் மட்டும் கறுப்பு நிற்கும். ஒரு பக்கம் காது உடைந்து நூல் கட்டிய மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படிப்பார். எந்த ஊர், எந்தக் கை, அந்தக் கை எவ்வளவு செம்பு கலக்கும் என்று சொல்வார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

சாமானோடு வருகிற எல்லோரும் ஒரு கதையோடுதான் வருவார்கள். மாமியார் கொடுத்தது, மாமியாருக்கு அவள் மாமியார் கொடுத்தது, ராஜா காலத்துச் சாமான் என்று. பத்தரம்மா கேட்கமாட்டார்.

"கதைய வெளியில வச்சிட்டு வாங்க. சாமானை மட்டும் உள்ள கொண்டாங்க."

யாராக இருந்தாலும் இதுதான். முகத்தில் கோபம் இருக்காது. செருப்பை வெளியே விட்டு வரச் சொல்கிற மாதிரிச் சொல்வார்.

ஒரு தடவை கட்சிக்காரர் ஒருவர், கறுப்புச் சிவப்புக் கரை வேட்டி, துண்டில் சுற்றி ஒரு வாளைக் கொண்டுவந்தார். கூட்டத்தில் தலைவருக்கு மேடையில் வைத்துக் கொடுத்த வெள்ளி வாள். தலைவர் அதை இவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அந்தப் பெருமையை அவர் சொல்லி முடிப்பதற்குள் பத்தரம்மா வாளைத் திருப்பிப் பிடியின் அடியைப் பார்த்தார்.

"பித்தளை. மேல முலாம்."

"என்னம்மா சொல்றீங்க, ஊரே சேந்து வசூல் பண்ணிக் குடுத்தது."

"வசூல் இதுல தெரியல."

"மேடையில ஆயிரம் பேரு பாத்தாங்க."

"ஆயிரம் பேருல ஒருத்தராவது திருப்பிப் பாத்திருக்கலாம்."

நான் துருத்திக்குப் பின்னால் குனிந்து சிரித்தேன். அவர் வாளைத் துண்டில் சுற்றிக்கொண்டு, "இதை வெளியில சொல்லிராதீங்க" என்றார். பத்தரம்மா சொல்லவில்லை. சொல்லுகிற பழக்கமே அவருக்கு இல்லை.

சிரிக்க முடியாத இன்னொன்று. செம்பனார்கோயில் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி மனைவியின் காப்பை விற்க வந்தார். உள்ளே தட்டியிருந்தது பத்தரம்மாவின் கணவருடைய முத்திரை. ஐந்து இதழ்ப் பூ, ஓர் இதழ் சற்றுக் கோணல். அது எனக்கே தெரியும். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பத்தரம்மா காப்பைக் கையில் நிறுத்துப் பார்த்தார். கத்தரியால் ஓர் ஓரத்தை வெட்டினார். நிதானமாகத்தான் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரர் செஞ்சது. உள்ள ஈயம் ஊத்தியிருக்கார்."

நின்ற அத்தனை பேரும் அன்றைக்கே ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார்கள். செத்துப்போன மனுஷனைக் காட்டிக்கொடுத்தாள் என்று அவருடைய கொழுந்தனார் வாசலில் வந்து கத்தினார். பத்தரம்மா அவருக்கு மோர் கொடுத்தார். அந்த விவசாயிக்கு முழு வெள்ளிக்கான பணத்தைக் கொடுத்து அனுப்பியது கத்தியவருக்குத் தெரியாது. எனக்கு அன்று அந்த அம்மாள்மேல் மரியாதையும் வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது. இந்த அம்மாள் முன்னால் நாம் திருப்பிப் பார்க்கப்படக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தை மாதம் கூலித் தகராறு. அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டு வயலோரமெல்லாம் செங்கொடி நட்டிருந்தார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார்கள். ஒரு கிராமத்தில் கூட்டம் மிராசுதார் வீட்டு வாசலுக்குள் போய்விட்டது. மறுநாள் மிராசுதார், வீட்டிலிருந்த வெள்ளிச் சாமான் போய்விட்டதாகப் புகார் கொடுத்தார். போலீஸ் சேரியைச் சோதனை போட்டது. ஒரு வீட்டில் நெல் பானைக்குள் காலில் போடும் வெள்ளித் தண்டை ஒற்றையாகக் கிடைத்தது. அந்த வீட்டுப் பையன் கூலிக்காரர் சங்கத்தில் கொடி பிடிப்பவன். அவனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். திருட்டு என்று ஆகிவிட்டால் கூலி கேட்டவன் என்ற பேர் போய்க் கொள்ளைக்காரன் என்ற பேர் வந்துவிடும், சுலபத்தில் வெளியே வர முடியாது.

சப் இன்ஸ்பெக்டர் அந்தத் தண்டையை ஒரு காக்கி உறையில் போட்டு சாயங்காலம் கடைக்குக் கொண்டுவந்தார்.

"மிராசுதார் வீட்டு எழுத்து உள்ள இருக்குங்கறாங்க. கரி பிடிச்சிக் கெடக்கு, எனக்கு ஒண்ணும் தெரியல. பாத்து வைங்க, நாளன்னிக்குக் காலையில வர்றேன்."

பத்தரம்மா அதை வாங்கிக் கரி தேய்த்துப் பார்த்தார். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பெட்டியில் வைத்தார். என்ன பார்த்தார் என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அந்தப் பையனின் தாய் வந்தாள். ஐம்பது வயதுக்காரி. நடந்தே வந்திருந்தாள். வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, "அம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க" என்றாள்.

"கதைய வெளியில வை. சாமான் உள்ள இருக்கு. நான் அதையே கேட்டுக்கறேன்."

"சாமானுக்கு வாயி இருக்காம்மா?"

பத்தரம்மா உள்ளே போய்விட்டார். நான் வெளியே கரி உடைத்துக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியில் வைக்கச் சொன்ன கதையை என்னிடம் வைத்தாள்.

வெள்ளம் வந்த ஒரு வருஷம், மிராசுதார் வீட்டு அம்மாவுக்குத் தலைப்பிரசவம். வாய்க்கால் உடைந்து, வழக்கமாக வரும் மருத்துவச்சி அக்கரையில் மாட்டிக்கொண்டாள். வேறு வழியில்லாமல் சேரியிலிருந்து இவளைக் கொல்லைப்புறமாகக் கூப்பிட்டார்கள். பிள்ளை கால் முன்னால் வந்தது. இவள் கைதான் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றியது.

"அந்த அம்மா கால்லேருந்து ஒரு தண்டையைத் திருகாணி கழட்டிக் குடுத்தாங்க. ஒண்ணு ஒனக்கு, ஒண்ணு எனக்கு, ரெண்டு பேரும் ஜோடின்னாங்க. அவங்க போயி வருஷமாச்சு. அந்தப் புள்ளதான் இப்ப மிராசு. அதுக்கு என்ன தெரியும்."

"நீ அதைப் போட்டுக்கவே இல்லியா?"

"போட்டுக்கிட்டுத் தெருவுல நடந்தா விடுவாங்களா?" என்றாள். பிறகு கொஞ்சம் சிரித்தாள். "நடவுக்குப் போறப்ப மடியில வச்சி எடுத்துட்டுப் போவேன். சேத்துல எறங்கினப்பறம் குனிஞ்சி மாட்டிக்குவேன். முழங்கால் சேத்துக்குள்ள என்ன கெடக்குன்னு எவனுக்குத் தெரியும்? கரையேறும்போது கழட்டிருவேன். இருவது வருஷம் அவங்க வயல்லயே அவங்க தண்டையைப் போட்டுக்கிட்டு நட்டிருக்கேன்."

அவள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. பத்தரம்மா கதை கேட்கமாட்டார் என்பதும் தெரிந்தது. தண்டைக்குள் மிராசுதார் வீட்டு எழுத்து இருக்கிறது. நாளைக்குக் காலையில் பத்தரம்மா அதைப் படித்து, "அவங்க வீட்டுச் சாமான்தான்" என்று சொல்லப்போகிறார். சொந்தக் கணவருக்கே இரங்காதவர், இந்தப் பையனுக்காகவா இரங்குவார்?

மத்தியானம் பத்தரம்மா சாப்பிட வீட்டுக்குப் போனார். பெட்டிச் சாவி ஆணியில் தொங்கியது. தண்டையை எடுத்தேன். உள்பக்கம் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. எழுத்து இல்லாவிட்டால் அது யார் வீட்டுத் தண்டையாகவும் இருக்கலாம். அரத்தை எடுத்து ஒன்பது இழுப்பு இழுத்தேன். எழுத்து போய்விட்டது. பக்கத்தில் ஒரு புள்ளி இருந்தது. அது எனக்குப் பொருட்டாகத் தெரியவில்லை. அராவிய இடத்தில் விளக்குக் கரியைப் பூசித் திரும்ப வைத்தேன். நல்ல காரியம் செய்தவன் மாதிரிதான் அன்று சோறு சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் சப் இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே மிராசுதாரின் காரியக்காரர், வெற்றிலை வாயோடு, பட்டுத்துணியில் சுற்றிய இன்னொரு தண்டையோடு. அந்தப் பையனின் தாய் எதிர்ச் சுவரோரம் நின்றாள்.

பத்தரம்மா பெட்டியைத் திறந்தார். தண்டையைத் திருப்பினார். முந்தானையால் துடைத்தார். அப்படியே நின்றுவிட்டார். அவர் கை நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சப் இன்ஸ்பெக்டர் வாங்கிப் பார்த்தார். புதிதாக அராவிய இடம் பளிச்சென்று இருந்தது.

"திருடிட்டு வந்து பேரை அராவியிருக்கான்."

"கேக்கணுமா?" என்றார் காரியக்காரர். "சொந்தச் சாமானுன்னா எவன் அராவுவான்?"

நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரம் அதுதான். திறக்கவில்லை.

பத்தரம்மா தண்டையைத் திரும்ப வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"ஐயா, இது இங்க அராவினது."

"என்னம்மா?"

"என் கடையில. நேத்து. பாருங்க, ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவுல ஒரு கீறல் ஆழமா விழுந்திருக்கு. என் அரத்துல ஒரு பல்லு ஒடஞ்சிருக்கு." அரத்தை எடுத்து, ஒரு வெள்ளித் துண்டில் ஓர் இழுப்பு இழுத்துப் பக்கத்தில் வைத்தார். அதே கீறல்.

சப் இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "கையைக் காட்டுடா."

காட்டினேன். உள்ளங்கையும் நகக்கண்ணும் எப்போதும்போல் கரிக் கறுப்பு. அதில் எதையும் பார்க்க முடியாது.

"யாரும்மா அராவினது? இவனா?"

"அது இதுல இல்ல."

"வெளையாடாதீங்க."

"கடை என்னது, அரம் என்னது. அவ்வளவுதான் இதுல இருக்கு."

காரியக்காரர் பட்டுத்துணியைப் பிரித்து ஜோடித் தண்டையை வைத்தார். பத்தரம்மா அதையும் திருப்பிப் பார்த்தார். ஒன்றில் ஒற்றைப் புள்ளி, இன்னொன்றில் இரட்டைப் புள்ளி. இடது வலது மாறாமல் இருக்க ஒரே பத்தர் வைத்தது.

"ஜோடிதான்" என்றார். அதோடு நிறுத்தவில்லை. "மிராசுதார் வீட்டுல இருந்த தண்டையில எழுத்து வெட்டினது வெட்டினபடி கூரா இருக்கு. இதுல எழுத்து பாதி தேஞ்சிருந்துச்சு. தரையில நடக்கற காலுல உள்பக்கம் அப்படித் தேயாது. சேத்துமணல் காலுக்கும் தண்டைக்கும் நடுவுல பூந்து வருஷக்கணக்கா தேச்சாத்தான் அப்படி ஆவும். போன வாரம் திருடினதுல அந்தத் தேய்வு இருக்காது. முந்தாநா சாயங்காலமே பாத்துட்டேன்."

சுவரோரம் நின்றவள் ஓர் எட்டு முன்னால் வந்தாள். அவள் பிள்ளைக்கு இருந்த சாட்சியைத்தான் ஒன்பது இழுப்பில் தூளாக்கியிருக்கிறேன்.

"காட்டுங்க" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

"முந்தாநா இருந்துச்சு. இப்ப இல்ல."

காரியக்காரர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டார். சிரித்தபடிதான் சொன்னார்.

"பத்தரம்மா, ஊருக்கெல்லாம் கதைய வெளியில வைன்னு சொல்வீங்க. இப்ப நீங்களே ஒண்ணு கொண்டாந்திருக்கீங்களே."

பத்தரம்மா தண்டையைக் கீழே வைத்தார். பிறகு, யாருமே எதிர்பார்க்காத மாதிரி, "ஆமாங்க, கதைதான்" என்றார். "நான் சொல்ற மொதக் கதை. நம்பறதுன்னா நம்புங்க."

சப் இன்ஸ்பெக்டர் இரண்டு தண்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அரம் பட்ட சாமானைக் கோர்ட்டில் வைக்க முடியாது என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. கடையில் வைத்துச் சாமான் கெட்டதென்றால் கேள்வி அவரைத்தான் கேட்பார்கள். ஜோடி சேர்ந்துவிட்டதே, புகாரை முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று காரியக்காரரிடம் சொன்னார். அவர் கொஞ்சம் முறுக்கினார். பிறகு இரண்டு தண்டையையும் பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டார். பையனை அன்று மத்தியானமே விட்டுவிட்டார்கள்.

"இனிமே ஸ்டேஷன்லேருந்து ஒரு குந்துமணி இங்க வராது" என்று சப் இன்ஸ்பெக்டர் போகும்போது சொன்னார். அதைச் சந்து முழுக்கக் கேட்டது. சாமானை வைத்துவிட்டுப் போனால் எழுத்து காணாமல் போகிற கடை என்று சாயங்காலத்துக்குள் மாயவரம் முழுக்கத் தெரிந்துவிடும்.

அந்தத் தாய் மட்டும் போகவில்லை. வாசலில் நின்றாள்.

"எம்புள்ள வந்துரும், அது போதும். தண்டை போனாலும் போவுது. அந்த எழுத்தை எதுக்கும்மா எடுத்தாங்க? எனக்குப் படிக்கத் தெரியாது. மாட்டும்போது கட்டைவெரலால தடவிக்குவேன். அவங்க வீட்டு எழுத்து என் கால்ல இருக்குன்னு தடவிக்குவேன். அதை எவன் எடுத்தான்?"

பத்தரம்மா என் பக்கம் திரும்பவில்லை.

"என் கடையில போச்சு. என்னைக் கேளு."

அவள் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பத்தரம்மாவின் முகத்தையே பார்த்துவிட்டு, முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள்.

அடுப்பு எரியவில்லை. உருக்க ஒன்றும் இல்லை. பத்தரம்மா அரத்தை எடுத்து, பிரஷ்ஷால் அதன் பல் இடுக்கைச் சுத்தம் செய்துகொண்டே கேட்டார்.

"எத்தனை இழுப்பு?"

"ஒம்பது."

"அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா, கதைய வெளியில வைன்னு சொல்லியிருப்பீங்க."

பிரஷ் நின்றது.

"ஆமா, சொல்லியிருப்பேன்."

போ என்று அவர் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. நான் துருத்தியை மடித்து வைத்தேன். கரிமூட்டையின் வாயைக் கட்டினேன். என் பையை எடுத்துக்கொண்டு நின்றேன். நான்தான் அராவினேன் என்று ஒரு தடவையாவது வாயால் சொல்லிவிட்டுப் போக நினைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்கண்ணால் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாமலே இறங்கிவிட்டேன். அந்த அம்மாளைப் பிறகு நான் பார்க்கவில்லை. கடை இருந்ததா, மூடிவிட்டாரா என்று விசாரிக்கவும் இல்லை. விசாரித்தால் தெரிந்துவிடும் என்பதால்தான்.

அன்று இருட்டுவதற்குள் ஒரு பஸ் நிழற்குடையைப் பிடித்துப் படுத்துவிட்டேன். விடிந்ததும் ரோட்டோரக் களத்தில் ஆள் கேட்பதாக டீக்கடையில் சொன்னார்கள். அந்த ஊர் மிராசுதார் ஒருவருக்கும் குத்தகைக்காரருக்கும் பங்கு தகராறு. களத்தில் கிடந்த நெல்லைக் கோர்ட் அமீனா வந்து ஜப்தி செய்திருந்தார். இரண்டு பக்கத்து ஆளும் காவலுக்கு ஆகாது, மூன்றாவது ஊர்க்காரன்தான் வேண்டும் என்றார்கள். எனக்கு அங்கே எந்தப் பக்கமும் இல்லை.

நெல் அம்பாரத்தின்மேல் சாம்பலால் வரிசையாக முத்திரை வைத்திருந்தார்கள். ஒரு பிடி நெல்லை எடுத்தாலும் சாம்பல் கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். அமீனா ஒவ்வொரு முத்திரையாக எண்ணி எனக்குக் காட்டினார்.

"இதுல ஒண்ணு கலைஞ்சாலும் ஒன்னைத்தான் கேப்பேன். காத்து, கோழி, ஆடு எதுவும் அண்டக்கூடாது. புரியுதா?"

"புரியுதுங்க."

"ஏதாவது கேக்கணுமா?"

"நெல்லு யாருதுங்க?"

"அது ஒனக்கு எதுக்கு?" என்றார் அமீனா. கையில் ஒரு கம்பைக் கொடுத்தார். நான் அம்பாரத்திலிருந்து நாலு முழம் தள்ளி, கை எட்டாத தூரத்தில் உட்கார்ந்தேன்.